தொடை வினாவுக்குக் காதால் படியுங்கள்

யாப்பும் அணியும் பாடத்தின் பெறுபேறு முந்தநாள் வந்தது. எனக்கு ஏ தரம். தொடர்மதிப்பீட்டில் 20இற்கு 7 புள்ளி எடுத்து, விடைத்தாளைக் கொப்பிக்குள் ஒளித்துக்கொண்டு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை வரை யாருடனும் பேசாமல் நடந்தவள் நான். வழுக்கிய இடம் தொடை, அதாவது செய்யுளின் சீர்களும் அடிகளும் எழுத்தாலோ சொல்லாலோ பொருளாலோ தொடர்புபட அமைவது. அடுத்த அணியினர் அதே இடத்தில் வழுக்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை ஆகிய ஐந்தும் எவ்வெட்டு விகற்பமாக (வகையாக) 40, அந்தாதியும் இரட்டையும் செந்தொடையும் சேர 43 என்று உறக்கத்திலும் சொல்லக்கூடிய அளவுக்கு நான் மனனம் செய்திருந்தேன். ஆனால் "தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தால் காணப் படும்" என்ற குறளைத் தந்து, அடியெதுகை (அடிகளின் முதற்சீர்களில் இரண்டாம் எழுத்து ஒன்றுவது) உண்டா என்று கேட்டபோது, ககரமும் சகரமும் வேறு எழுத்துகள்தானே என்று கண்ணால் மட்டும் பார்த்து, "இல்லை" என்று எழுதிவிட்டேன். இரண்டாம் எழுத்தாக நிற்பவை இரண்டும் வல்லின மெய்கள். ஆகவே அது வல்லின எதுகை.

எங்கள் ஊர்க் கோயிலில் நீண்ட காலம் கந்தபுராணம் படித்தவர் அம்மப்பா. விடைத்தாளைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப்பார். ரெண்டும் ஒரே மாதிரி இடிக்குதெல்லே?" என்றார். இடித்தது. அன்றிலிருந்து விடியற்காலையில் கிணற்றடியில் தனியே இருந்து செய்யுளைச் சத்தமாகச் சொல்லி, ஒலி திரும்பி வரும் சீர்களின் கீழ் இலக்கமிட்டு வந்தேன். கூடிப் படிப்பது இதற்கு உதவாது. நாலு பேர் பேசினால் செய்யுளின் ஓசை காதில் நிற்காது.

"கற்க கசடறக் கற்பவை கற்றபின்" என்ற ஓரடியை எடுங்கள். மோனைக்கு 1, 2, 3, 4 என்று இலக்கம் விழும். அது முற்று மோனை. அதே அடியில் சீர்களின் இரண்டாம் எழுத்தாக றகர மெய்யைத் தேடினால் 1, 3, 4 மட்டுமே விழும். அது மேற்கதுவாய் எதுகை. பெயரை முதலில் நினைத்துக்கொண்டு செய்யுளுக்குள் தேடுவோர் இந்த இரண்டில் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். இலக்கத்தை முதலில் இடுங்கள், பெயர் பின்னால் வரட்டும்.

புள்ளி போகும் இடங்கள்:

– மோனையில் ச–த, ஞ–ந, ம–வ இனமாகும். ஆனால் ஏறிய உயிரும் இனப்பட வேண்டும். சக்கரம்–தலை பொருந்தும், சக்கரம்–திலகம் பொருந்தாது.
– எதுகையில் முதலெழுத்தின் அளவு ஒத்திருக்க வேண்டும். பட்டு–கட்டு சரி, பட்டு–காட்டு பிழை.
– முரண் ஒலியால் அமைவதன்று; சொல்லாலோ பொருளாலோ மாறுபடுவது.
– சீர்களின் இறுதி ஒன்றி வரும் இயைபின் விகற்பங்களை ஈற்றுச் சீரிலிருந்து எண்ண வேண்டும்.

மடக்கு (யமகம்) என்ற அணியை எதுகையோடு குழப்புவோர் பலர். எதுகைக்கு எழுத்து ஒன்றினால் போதும், பொருளைப் பற்றிய கேள்வியே இல்லை. மடக்கிலோ ஓர் எழுத்துக்கூட்டமே திரும்பி வந்து வேறு பொருள் தர வேண்டும்: "தாமரை" ஓரிடத்தில் பூவாகவும், இன்னோரிடத்தில் "தா மரை" என்று பிரிந்து தாவுகின்ற மானாகவும் நிற்பது போல. முதலெழுத்து மட்டும் மாறி ஏனையவை ஒன்றினால் அது திரிபு. பயிற்சிக்கு நம்மூரிலேயே மாதகல் மயில்வாகனப் புலவரின் புலியூர் யமக அந்தாதி இருக்கிறது. நாளுக்கு ஒரு செய்யுளுக்கு மேல் எடுக்காதீர்கள், ஒன்றைப் பிரித்துப் பொருள் காணவே ஒரு காலைப்பொழுது வேண்டும்.

இறுதித் தேர்வில் இயைபு விகற்பம்தான் வந்தது. பழக்கத்தில் முதற்சீரிலிருந்து எண்ணி விடை எழுதிவிட்டேன். மண்டபத்தில் சத்தமிட முடியாதாகையால் கண்ணை மூடி, உதட்டை மட்டும் அசைத்து, மேசையில் விரலால் தட்டிப் பார்த்தபோதுதான் ஒலி அடியின் கடைசியிலிருந்து பின்னோக்கி வருவது பிடிபட்டது. உடனே வெட்டித் திருத்தினேன். அதற்குப் போன நேரத்தால் அணி வினாவை ஒரு பக்கத்துக்குள் முடிக்க வேண்டியதாயிற்று.