ஊர்க் கட்டுரை விக்கியில் நிற்க

கட்டுரையை எழுதி முடித்துவிட்டு அப்புறம் சான்று தேடுவதால்தான் பெரும்பாலான ஊர்க் கட்டுரைகள் விக்கிப்பீடியாவில் அடிபடுகின்றன. காங்கேயம், தாராபுரம், கோபி, பவானி பக்கத்துக் கட்டுரைகளைத் தமிழ் விக்கியில் தொடங்கியும் திருத்தியும் வந்ததில் எங்களுக்குப் பிடிபட்ட வரிசை நேர் எதிரானது. முதலில் நூல், அடுத்து பக்க எண்ணோடு குறிப்பு, கடைசியில்தான் எழுத்து. அதுவும் குறிப்பில் இருப்பதை மட்டும், நம் சொந்த நடையில். சான்று கேட்பது ஒவ்வொரு வாக்கியத்துக்கும். கட்டுரையின் அடியில் பத்து நூல்களை அடுக்கி வைத்தால் அது சான்று ஆகாது. மதுரையில் இருக்கும் ஒருவர் நாம் சொன்ன பக்கத்தைத் திறந்தால் நாம் சொன்ன சேதி அங்கே இருக்க வேண்டும்.

நூல் தேடும்போது இன்றைய மாவட்டப் பெயர் கைகொடுக்காது. ஈரோடு 1979இல்தான் தனி மாவட்டம் ஆனது, திருப்பூர் 2009இல். பவானிக்கும் தாராபுரத்துக்கும் காங்கேயத்துக்கும் நிக்கல்சன் தொகுத்து 1887இல் வெளிவந்த கோயமுத்தூர் மாவட்டக் கையேட்டைத்தான் புரட்ட வேண்டும். கரூர் 1910 வரை கோயமுத்தூரோடு இருந்து பிறகு திருச்சிக்குப் போனது. திருச்செங்கோட்டுக்குச் சேலம் மாவட்டக் கையேட்டின் தொகுதிகள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்கள் நிறையக் கிடைக்கின்றன. அங்கே ஒரு கண்ணி உண்டு: திரையில் தெரியும் பக்க எண் வேறு, தாளில் அச்சான பக்க எண் வேறு. முன்னுரை, படங்கள் எல்லாம் சேர்ந்து இருபது முப்பது பக்கம் கூடத் தள்ளிப்போகும். அச்சில் உள்ள எண்ணையே கொடுங்கள். இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. ஒரே நூலை ஐந்து இடத்தில் காட்ட, முதல் மேற்கோளையே (சான்றுக் குறிப்பையே) மறுபடி மறுபடி ஒட்டிவிடுகிறோம். ஐந்து வாக்கியத்துக்கும் ஒரே பக்க எண் நின்றுவிடும். சரிபார்ப்பவர் அந்தப் பக்கத்தில் ஒன்றைத்தான் பார்ப்பார், மற்ற நான்கையும் சந்தேகப்படுவார். பக்கம் மாறினால் மேற்கோளையும் தனியாகப் போடுவதே நல்லது.

மக்கள்தொகையில் கொங்கு ஊர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பு எண்ணியது வருவாய்க் கிராமத்தை. நம்மூரிலோ வலசு, பாளையம், புதூர், காட்டுப்புதூர் என்று பத்துக் குடியிருப்புகள் ஒரே வருவாய்க் கிராமத்துக்குள் அடங்கியிருக்கும். ஊராட்சி எல்லை அதோடு ஒத்துப்போக வேண்டும் என்றும் இல்லை. வருவாய்க் கிராமத்தின் எண்ணை எடுத்து ஒரு வலசின் கட்டுரையில் போட்டால், சான்று சரியாக இருந்தும் வாக்கியம் பொய்யாகிவிடும். பெயரோடு வட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரே பெயரில் பாளையங்கள் அத்தனை இருக்கின்றன.

சொந்த ஆய்வு கூடாது என்ற விதிதான் படித்தவர்களையும் தடுக்கி விழவைக்கிறது. பதிற்றுப்பத்தின் 67, 74ஆம் பாடல்களில் கொடுமணம் என்ற ஊர் வருகிறது. சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. இரண்டும் ஒன்று என்று நாமே எழுதினால் அது நம் ஆய்வு. ‘இரண்டும் ஒன்றே என்று அகழாய்வாளர்கள் கருதுகின்றனர்’ என்று எழுதி, அப்படிச் சொல்லும் அகழாய்வு நூலின் பக்கத்தைக் காட்டினால் அது விக்கி. கோயில் சுவர்க் கல்வெட்டை நாமே படித்து எழுதுவதும் இப்படித்தான். படம் எடுத்து, விக்கியின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றலாம், அது பெரிய உதவி. வாசகத்துக்கு மட்டும் தொல்லியல் துறை வெளியீட்டின் தொகுதி எண்ணும் கல்வெட்டு எண்ணும் வேண்டும்.

தீரன் சின்னமலை கட்டுரையில் ஒரு தேதியைப் பாருங்கள். சங்ககிரியில் அவர் தூக்கிலிடப்பட்டது 1805 ஜூலை 31. நினைவுநாள் ஆடி 18. இன்றைக்கு ஆடி 18 ஆகஸ்ட் 2 அல்லது 3இல் வருவதால், ‘ஜூலை 31 தப்பு’ என்று நல்ல மனதோடு மாற்ற வருகிறவர்கள் உண்டு. தப்பில்லை. நம் பஞ்சாங்க ஆண்டு ஆங்கில ஆண்டைவிட ஏறத்தாழ 23 நிமிடம் நீளம். இருநூறு ஆண்டில் அது மூன்று நாளுக்கு மேல் சேர்ந்துவிடுகிறது, அதனால் அன்றைய ஆடி 18 ஜூலை கடைசியில் விழுந்திருக்கும். இந்தக் கணக்கை, கட்டுரையைப் பற்றி விவாதிக்க உள்ள பேச்சுப் பக்கத்தில் வைத்து மாற்ற வந்தவருக்குப் புரியவைக்கலாம். கட்டுரைக்குள் போக வேண்டியது அச்சான நூல் சொல்லும் தேதி மட்டும்.

எல்லாவற்றிலும் மோசமானது வட்டமடிக்கும் சான்று. காலிங்கராயன் வாய்க்காலைப் பற்றி ‘உலகிலேயே முதல்’ என்ற மாதிரி ஒரு வரியை யாரோ சான்றில்லாமல் விக்கியில் சேர்ப்பார்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு இணைப்பிதழ் அதை அப்படியே எடுத்துப் போடும். பிறகு அந்த இணைப்பிதழே விக்கிக்குச் சான்றாக வந்து நிற்கும். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கட்டுரையில் செய்த ஒவ்வொரு மாற்றமும் பதிவாகும் வரலாற்றுப் பக்கத்தில் பின்னோக்கிப் போய் அந்த வரி எந்தத் தேதியில் நுழைந்தது என்று பாருங்கள். சான்றின் தேதி அதற்குப் பிந்தியது, சொற்களும் ஒன்றே என்றால் அந்தச் சான்றை எடுத்துவிட வேண்டியதுதான். வாய்க்காலின் பெருமை இதனால் ஒரு துளியும் குறையாது. பவானியிலிருந்து கொடுமுடிப் பக்கம் வரை அது பாய்ச்சும் வயல்களே போதும்.

நாளிதழ்ச் செய்திக்குத் தேதியோடு பதிப்பையும் எழுதுங்கள். கோவைப் பதிப்பில் ஐந்தாம் பக்கத்தில் வந்தது சென்னைப் பதிப்பில் இல்லாமலே போகலாம். இணையச் சுட்டிகள் சீக்கிரம் செத்துப்போகும், அதனால் சேர்க்கும்போதே இணைய ஆவணகத்தில் ஒரு நகலைச் சேமித்து அந்தச் சுட்டியையும் கூடவே கொடுத்துவிட வேண்டும்.

இனி மனிதர்கள். குலதெய்வக் கோயில், கூட்டப் (குலப்) பெயர், முதல் மரியாதை பற்றிய வரிகளில் கை வைத்தால் சூடு பறக்கும். அப்போது கேட்கும் கேள்விதான் முக்கியம். ‘உங்களுக்கு என்ன தெரியும்’ என்று ஆரம்பித்தால் அங்கேயே முடிந்தது. ‘இந்த வரி எந்த நூலில், எத்தனாவது பக்கத்தில் இருக்குங்க?’ என்று கேட்டால் பேச்சு ஆளை விட்டுப் பக்கத்துக்கு வந்துவிடும். நீக்கும் ஒவ்வொரு முறையும் தொகுப்புச் சுருக்கத்தில், அதாவது மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுதும் சிறு குறிப்பில், காரணம் எழுத வேண்டும். சுருக்கம் எழுதாமல் மீளமைத்துவிட்டு (அடுத்தவர் செய்த மாற்றத்தை அழித்துப் பழையபடி ஆக்கிவிட்டு) போகும் பழைய பயனர்களால் நாம் இழந்த புதியவர்கள் பலர், இது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தம். ஊரைப் பற்றி ஆசையாக எழுத வந்தவருக்கு ‘சான்று தேவை’ வார்ப்புரு (ஆயத்தக் குறிப்பு) மட்டும் போதாது, எப்படிச் சேர்ப்பது என்று இரண்டு வரி அவர் பேச்சுப் பக்கத்தில் எழுத வேண்டும். விதிவிலக்கு ஒன்றுதான்: உயிரோடு இருப்பவரைப் பற்றிச் சான்றில்லாத அவதூறு இருந்தால் காத்திருக்காமல் உடனே நீக்கிவிட வேண்டும்.

ஒரே நாளில் ஒரே பக்கத்தை மாற்றி மாற்றி மீளமைத்தால் உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் தடை வரும். இரண்டாவது மீளமைப்போடு நிறுத்திக்கொண்டு பேச்சுப் பக்கம், அங்கும் தீராவிட்டால் தமிழ் விக்கியின் பொது விவாதப் பக்கமான ஆலமரத்தடி. வாட்சப் குழுவில் ‘எல்லாரும் வந்து ஆதரிங்க’ என்று போடாதீர்கள். ஒரே வாக்கியத்தோடு எட்டுப் புதுக் கணக்குகள் வந்தால் நிருவாகிகள் கைப்பாவையா, அதாவது ஒருவரே பல பெயரில் நடத்தும் கணக்குகளா என்றுதான் பார்ப்பார்கள். அங்கே எண்ணப்படுவது வாதம், கை எண்ணிக்கை கிடையாது. கோயில் கமிட்டியில் இருப்பவரோ பனியன் கம்பெனி, பம்ப்செட் கம்பெனியில் வேலை செய்பவரோ தங்கள் அமைப்பைப் பற்றி எழுத நினைத்தால், அந்தத் தொடர்பைச் சொல்லிப் பேச்சுப் பக்கத்தில் திருத்தத்தை முன்வைக்கலாம். சம்பளத்துக்கு எழுதினால் சொல்லியே தீர வேண்டும்.

வரி நீக்கப்பட்டால் பதற வேண்டியதில்லை. அது வரலாற்றுப் பக்கத்தில் அப்படியே கிடக்கிறது. பக்க எண் கையில் கிடைத்த அன்றைக்கு அதை எடுத்து, மேற்கோளோடு, ‘சான்று சேர்த்து மீண்டும் இடப்பட்டது’ என்று சுருக்கம் எழுதிப் போட்டுவிடலாம்.