பின்னால் நின்ற பாலம்

எங்கள் வீட்டுப் பெட்டியில் உள்ள ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில், பாம்பன் கரையில் அப்பா வேட்டியை மடித்துக் கட்டி நிற்கிறார். அவர் இடுப்பில் கைக்குழந்தையாக நான். படத்தின் பின்புறம் எதுவும் எழுதப்படவில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் ரயில் பாலம் முழுமையாகத் தெரிய, அதன் அருகே சாலைப் பாலத்தின் தூண்கள் சில மேல்தளம் இல்லாமல் கடலுக்குள் நிற்கின்றன. சாலைப் பாலம் 1988 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது என்பதால், படம் எடுக்கப்பட்ட காலத்தை அந்தத் தூண்களே எனக்குச் சொல்லிவிட்டன. எடுத்தவர் அவற்றைக் கவனித்திருக்கக்கூட மாட்டார்.

இது புரியாமல் நான் பல ஆண்டுகள் படம் எடுத்தேன். தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் விடியும் வேளையை மட்டும் நூற்றுக்கணக்கில் எடுத்து வைத்திருக்கிறேன். அவற்றுள் எது எந்த ஆண்டுக்குரியது என்று இன்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. அப்பத்தா இறந்த அன்று அவர் படத்தைத் தேடியபோது, கல்யாண மண்டபங்களில் பட்டுச்சேலையுடன் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் படங்களே கிடைத்தன. ஓலைப்பந்தல் நிழலில் அமர்ந்து, பனைமட்டையால் காக்கைகளை விரட்டியபடி சூடைக் கருவாட்டுக்குக் காவல் இருந்த அப்பத்தாவை, நாள்தோறும் கண்ணால் பார்த்தும் ஒருமுறைகூட நான் எடுக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

அதன்பிறகு என் பழக்கம் மாறியது. யாரையும் கேமராவைப் பார்க்கச் சொல்வதில்லை; வேலையின் நடுவே, இரண்டடி பின்வாங்கி, சுற்றியிருக்கும் படகும் வலையும் அண்டாவும் சட்டத்துக்குள் வருமாறு எடுக்கிறேன். எங்கள் கரையில் இதற்கு ஓர் இடைஞ்சல் உண்டு. வெண்மணலும் கடலும் வெயிலைத் திருப்பி அடிப்பதால், கேமரா காட்சி மிகப் பிரகாசமாக இருக்கிறதென்று கணித்து ஒளியைக் குறைத்துவிடுகிறது. மணல் சாம்பல் நிறமாகி, முகங்கள் கருத்துப்போகின்றன. கைபேசியாக இருந்தால் திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து ஒளியளவைச் சற்று உயர்த்தினால் போதும். உப்புக்காற்று படிந்த லென்ஸை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதே நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கேமராவை வைக்கிறேன்.

2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தில் ரயில்கள் ஓடுவது நின்றபோது, 1914 முதல் ஓடிய அந்தத் தடத்தைப் படமெடுக்கப் பலர் வந்தனர். நானும் எடுத்தேன். ஆனால் ஆண்டுக்கணக்காக அதில் பயணம் செய்த அம்மா, ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கடலைப் பார்த்தபடி வரும் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

சென்ற மாதம், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடல்பாசி எடுத்துக் கரையேறும் சின்னம்மாவை எடுத்து, அச்சுப்போட்டுக் கொடுத்தேன். அவர் தம் முகத்தைப் பார்க்கவே இல்லை. படத்தின் ஓரத்தில் விரலை வைத்து, "இந்த வள்ளம் நம்ம மாமாவோடதுடா, இத வித்துட்டாங்கல்ல" என்றார். படத்தைத் திருப்பி, வள்ளம் யாருடையது, எப்போது விற்றார்கள் என்று அவர் சொல்லச் சொல்லப் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.