295-சி-யில் இல்லாத ஒரு சொல்

பாகிஸ்தானின் மதநிந்தனைச் சட்டத்தை நீக்கச் சொல்லி மனு எழுதுகிறவர்கள் பலரும் அதை ஒரே சட்டமாக நினைத்து எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் மனு எங்கும் ஒட்டாது. எந்தப் பிரிவு, அதில் எந்த வரி என்று சொல்ல வேண்டும்.

இந்தப் பிரிவுகள் பாகிஸ்தான் தண்டனைச் சட்டத்தில் இருக்கின்றன. மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய 295-ஏ ஆங்கிலேயர் 1927-இல் சேர்த்தது. இந்தியாவிலும் அதுவே இருந்தது. இப்போது இங்கே பாரதிய நியாய சன்ஹிதாவில் 299-ஆம் பிரிவு. வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு புண்படுத்தினார் என்று அதில் நிரூபிக்க வேண்டும். பாகிஸ்தான் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 196-ஆம் பிரிவுப்படி அரசின் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் அந்த வழக்கைக் கையில் எடுக்கவும் முடியாது. ஜியா-உல்-ஹக் ஆட்சியில் 1986-இல் வந்த 295-சி-யில் இந்த இரண்டு தடுப்பும் இல்லை. பேச்சாலோ, எழுத்தாலோ, சாடையாகவோ, மறைமுகமாகவோ நபியை அவமதித்தால் போதும். 'நோக்கம்' என்ற சொல்லே அதில் கிடையாது. தண்டனை மரணம். ஆயுள் தண்டனை என்ற மாற்று புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது. ஆனால் மரணம் மட்டுமே தண்டனை என்று, சட்டங்கள் இஸ்லாத்துக்கு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் கூட்டாட்சி ஷரியத் நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்துவிட்டது. அதனால் நாடாளுமன்றம் திருத்தினாலும் அந்த நீதிமன்றத்தின் படியேற வேண்டிவரும். முழு நீக்கம் என்ற கோரிக்கையைக் கைவிடக் கூடாது. அதே மனுவில், 196-ஆம் பிரிவின் பட்டியலில் 295-சி-யையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு எண்ணைச் சேர்க்கிற வேலைதான். பொய்ப் புகார்களில் பெரும்பங்கு நீதிமன்ற வாசலிலேயே நின்றுவிடும்.

எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரியே 295-சி புகாரை விசாரிக்க வேண்டும் என்று அதே நடைமுறைச் சட்டத்தில் 156-ஏ பிரிவு இருக்கிறதே என்பார்கள். அது எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு. காவல் நிலைய வாசலில் கூட்டம் கூடிவிட்டால் முதலில் நடப்பது பதிவும் கைதும்தான்.

295-சி-யில் மரண தண்டனை பெற்ற கிறிஸ்தவப் பெண் ஆசியா பீபியின் வழக்கைப் பாருங்கள். பழம் பறிக்கும் வயலில் தண்ணீரை வைத்து எழுந்த வாய்த்தகராறு, 2009 ஜூன் 14. எஃப்.ஐ.ஆர். ஐந்து நாள் கழித்து. ஊர்க்கூட்டத்தில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்றார்கள். கூடியவர்கள் எத்தனை பேர்? நூறு என்றது ஒரு சாட்சியம், ஆயிரம் என்றது இன்னொன்று, இரண்டாயிரத்துக்கு மேல் என்றது வேறொன்று. இத்தனை முரணையும் உயர் நீதிமன்றம் தாண்டிப் போய் 2014-இல் தூக்கை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் விடுவித்தது 2018 அக்டோபர் 31. இடையில் ஒன்பது ஆண்டு போயிற்று. அவருக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீர் 2011 ஜனவரியில் தன் மெய்க்காவலராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

மனு எழுதும்போது, குற்றம் சாட்டப்பட்டவர் சொன்னதாகக் கூறப்படும் வார்த்தைகளைத் திரும்ப எழுதவே கூடாது. எழுதியவர் மீதும் அதே பிரிவு பாயும். குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் ஊர், தெருப் பெயரைப் போடாதீர்கள். 2013-இல் லாகூர் ஜோசப் காலனியில் ஒருவர் மீதான புகாருக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர் வீடுகள் எரிந்தன. சட்டத்தை விமர்சிப்பதே நிந்தனை என்று யாராவது மிரட்டினால், தசீர் கொலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-இல் அப்படியல்ல என்று சொல்லியிருப்பதை எடுத்துக்காட்டுங்கள்.

இன்னொரு கோரிக்கையும் விடுபடக் கூடாது: வழக்கை வேறு மாவட்டத்துக்கு மாற்றுவது, வக்கீலுக்கும் நீதிபதிக்கும் பாதுகாப்பு. இப்படியொரு வழக்கில் இருவரை விடுவித்த லாகூர் நீதிபதி ஆரிஃப் இக்பால் பட்டி 1997-இல் தன் அலுவலகத்திலேயே கொல்லப்பட்டார். முல்தானில் வக்கீல் ரஷீத் ரஹ்மான் 2014 மே மாதம், தன் அலுவலகத்தில். கீழ்க்கோர்ட்டுகள் ஏன் விடுவிக்கத் தயங்குகின்றன என்பதற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை.