மூன்றாம் கூண்டும் ஈப் பெட்டியும்

மார்ச் 3
காலை ஏழு மணிக்கே நாகப்பட்டினம் கருவாட்டுக் களத்தில் வலையோடு நின்றேன். காயப்போட்ட மீன்மேல் பச்சையும் நீலமுமாக ஈக்கள். அங்கே வேலை பார்க்கும் அக்கா, "உப்பு சரியா புடிக்காத மீனு அந்த மூலையில கெடக்கு தம்பி, அங்க போய்ப் பாரு" என்றார். வானம் மூடாக்குப் போட்டு மீன் காயத் தாமதமானால் ஈ முட்டை வைத்துவிடும், புழு விழுந்த மீனை யாரும் வாங்க மாட்டார்கள் என்றார். திரும்பும்போது அந்தப் பேச்சுதான் மனதில் ஓடியது.

மார்ச் 4
நுண்ணோக்கியில் நாள் முழுக்க. பிடித்த ஈக்களில் பெரும்பாலும் கிரைசோமியா மெகசெஃபலா என்ற இனம். 1794இல் பூச்சியியலாளர் ஃபேப்ரிசியஸ் வைத்த பெயர். மெகசெஃபலா என்றால் பெருந்தலை. ஆணின் சிவந்த கண்கள் உச்சந்தலையில் ஒன்றையொன்று தொடும். கண்ணின் மேற்பகுதியில் வில்லைகள் பெரியவை, கீழே சின்னவை. நடுவில் கோடு கிழித்தாற்போல் எல்லை தெரியும். பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை.

லூசிலியா என்ற வேறொரு ஈயும் இதே பச்சைதான். நிறத்தை நம்பினால் ஏமாந்துபோவோம். இறக்கை தொடங்கும் இடத்தில் உள்ள தடித்த நரம்பின் மேல்பக்கத்தைப் பார்க்க வேண்டும்: வரிசையாக மயிர் இருந்தால் கிரைசோமியா, வழுக்கையாக இருந்தால் லூசிலியா. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்த பிறகுதான் அந்த மயிர் கண்ணில் பட்டது.

மார்ச் 5, இரவு
எலி அறை. ஈக்களோடு, கூண்டு எலிகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று கவனிப்பதும் என் வேலை. எலிக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது, அதனால் சிவப்பு பல்பு மட்டும். மூன்றாம் கூண்டில் விஸ்டார் என்ற ஆய்வக வகையில் மூன்று ஆண் எலிகள். வாலில் மார்க்கர் கோடுதான் அடையாளம். எடை கூடியது இரண்டுகோட்டு எலி. அதுதான் தலைவன் என்று நினைத்திருந்தேன். ஆனால் தண்ணீர்க் குழாயை விடாமல் பிடித்துக்கொண்டது ஒருகோட்டு எலி. மற்றவை கிட்டே வந்தால் உடம்பைப் பக்கவாட்டில் வளைத்து முட்டித் தள்ளியது. மூன்றுகோட்டு எலி மல்லாந்து படுத்துவிட்டது.

குட்டிகள் விளையாட்டாகச் சண்டை போட்டால் பிடரியைக் குறிவைக்கும். நிஜச் சண்டையில் கடி பின்முதுகிலும் இடுப்பிலும் விழும். இன்று பார்த்ததெல்லாம் இடுப்புக்குத்தான்.

மார்ச் 6
ஈக்களை ஊசியில் குத்தி வைத்த பெட்டியைச் சரியாக மூடாமல் போய்விட்டேன். எறும்பு. பதினான்கு ஊசிகளில் சீட்டு மட்டும் மிச்சம். மறுபடியும் நாகை போக வேண்டும்.

மார்ச் 8
மூன்றுகோட்டு எலியின் கண்ணோரத்திலும் மூக்கிலும் சிவப்புக் கறை. ரத்தமில்லை, கண்ணுக்குப் பின்னால் உள்ள ஹார்டர் சுரப்பியிலிருந்து வரும் போர்ஃபிரின் நிறமி. நோயிலும் மன அழுத்தத்திலும் இப்படிக் கசியும். தூக்கிப் பார்த்தேன், இடுப்பில் இரண்டு கடி. உடனே பொறுப்பாளரிடம் சொல்லி வேறு கூண்டுக்கு மாற்றினோம். காயம் வந்தால் பிரித்துவிடுவோம் என்று விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். எழுதிக் கொடுக்காவிட்டாலும் பிரித்திருப்பேன். இந்தக் கூண்டின் கணக்கு இத்தோடு நின்றது, நிற்கட்டும்.

மார்ச் 10
நேற்று நாகையில் பிடித்தவற்றில் இரண்டு சதை ஈக்கள் (சார்கோஃபகா): மார்பில் மூன்று கறுப்புக் கோடு, வயிற்றில் சதுரங்கக் கட்டம். ஆணின் இனப்பெருக்க உறுப்பை வளைந்த ஊசியால் வெளியே இழுத்துப் பார்த்தால்தான் எந்த இனம் என்று உறுதியாகச் சொல்ல முடியும். கை நடுங்காமல் ஒன்றை முடித்தேன். மற்றது பெண். "சார்கோஃபகா, பெண், இனம் முடிவாகவில்லை" என்று சீட்டு எழுதிக் குத்தினேன்.

சாயங்காலம் மூன்றுகோட்டு எலியைப் பார்த்தேன். மூக்கு சுத்தமாக இருந்தது. தீவனத்தை இரு கையாலும் பிடித்து நிதானமாகக் கொறித்துக்கொண்டிருந்தது.