நாட்டு ஓடும் கண்மாய்க் கரையும்: ஒரு சிமுலேட்டர் நிலப்பரப்பின் நாட்குறிப்பு

மார்ச் 2, 2025

கணினியில் விமானம் ஓட்டும் எக்ஸ்-பிளேன் சிமுலேட்டரில், காரைக்குடிப் பக்கம் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை முதன்முறையாக ஓட்டிப் பார்த்தேன். கானாடுகாத்தான் இருக்க வேண்டிய இடத்தில், ஐரோப்பியப் புறநகர் ஒன்றைப் பெயர்த்து வைத்ததுபோல, கூம்புக் கூரையும் புல்தரையுமாக வீடுகள் நின்றன. தெருவரிசை சரியாகத்தான் இருந்தது. யாரும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்திலிருந்து வந்த தெருக்கள் அவை. ஆனால் ஒரு தெருவில் முகப்பு தொடங்கி அடுத்த தெருவில் பின்கட்டு முடியும் நம் வீடுகளின் நீளத்தைச் சிமுலேட்டர் அறியாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுபாதை செட்டிநாட்டுக் கால்நடைப் பண்ணைக்குள் கிடக்கிறது; அதுவும் அங்கே இல்லை. ஆகவே வடக்கே 10, கிழக்கே 78 பாகையில் தொடங்கும் சதுரத்துக்குள் செட்டிநாட்டை நானே கட்டுவது என்று முடிவு செய்தேன்.

மார்ச் 8

செயற்கைக்கோள் படத்தை எந்த நுணுக்கத்தில் எடுப்பது என்பதில் ஒரு நாள் போயிற்று. இணைய வரைபடங்களின் 17-ஆம் பெரிதாக்க நிலைப் படத்தில் நம் அட்சரேகையில் ஒரு பிக்ஸல் சுமார் 1.18 மீட்டர், 19-ஆம் நிலையில் 0.29 மீட்டர். ஒவ்வொரு நிலை ஏறும்போதும் பிக்ஸல்கள் நான்கு மடங்காகும் என்பதால், ஊர்களைச் சுற்றி மட்டும் 19 என்றும் பொட்டல்வெளிக்கு 17 என்றும் வைத்துக்கொண்டேன். ஆறு மீட்டர் அகல முற்றம் ஒன்று 17-இல் ஐந்து பிக்ஸல்தான்; 19-இல் இருபது பிக்ஸல் கிடைக்கிறது, நிழலும் தெரிகிறது.

தொல்லை நிறத்தில் வந்தது. ஒரு கண்மாயின் மேற்குப் பாதி மார்கழியில் எடுத்த படம்போல நீர் தளும்பி நிற்க, கிழக்குப் பாதி சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கிறது. நடுவே அளவுகோல் வைத்துக் கிழித்தாற்போல ஒரு கோடு. ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுத்த படத்தில் ஒரு பிக்ஸல் 10 மீட்டர், வீடு காட்ட உதவாது. எனினும் ஒரே நாளில் எடுத்த முழுப் பரப்பும் அதில் கிடைப்பதால், செம்மண்ணின் நிறத்துக்கு அதையே ஆதாரமாக வைத்து மற்றவற்றைத் திருத்தி வருகிறேன்.

மார்ச் 9

கண்மாய் நீர் மேட்டில் ஏறுகிறது! உயரத் தரவு 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினொரு நாள் ரேடார் கொண்டு அளந்தது. புள்ளிக்குப் புள்ளி ஏறத்தாழ 30 மீட்டர். அடர்ந்த மரக்கூட்டம் இருந்த இடத்தில் ரேடார் தரையைத் தொடாமல் தழையிலிருந்தே பெரும்பாலும் திரும்பியிருக்கும் என்பதால், தோப்பெல்லாம் சிறு குன்றாகிவிட்டது. ஓடுபாதையும் அலையாடுகிறது.

நீர்ப்பரப்பையும் ஓடுபாதையையும் எல்லை கட்டிச் சமப்படுத்தியதும் அந்தக் குறை தீர்ந்தது. கரை மட்டும் தீரவில்லை. மூன்று நான்கு மீட்டர் அகலத்தில் வளைந்து போகும் கண்மாய்க் கரையை 30 மீட்டர் வலை எப்படிப் பிடிக்கும்? வானிலிருந்து இந்தச் சீமையை அடையாளம் காட்டுவதே ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடக்கும் அந்தப் பிறைவளைவுகள்தாம். அவற்றைப் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் தனி மாதிரியாகச் செய்து, மேலே பனைகளை வரிசையாக நட்டேன்.

மார்ச் 15

அளவெல்லாம் சரியாக இருந்தும் வீடுகள் பொம்மை வீடுகளாகத் தெரிந்தன. நீளம், அகலம், முற்றம் எல்லாவற்றையும் மீண்டும் சரிபார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. காரணம் கூரையில் ஒட்டிய டெக்ஸ்சர், அதாவது மாதிரியின் மேல் போர்த்தும் படம். கையில் கிடைத்த சீமை ஓட்டுப் படத்தை இட்டிருந்தேன். அதன் வரிசை நாட்டு ஓட்டைவிட அகலம். கண் ஓட்டை வைத்துத்தான் வீட்டை அளக்கிறது. ஓடு பெரிதானால் வீடு சிறுத்துவிடும்.

எனவே தெரிந்த ஒரு வீட்டுக்கு நாடாவோடு போனேன். "ஓட்டை அளக்கணும் ஆச்சி" என்றதும் அவர், "ஓட்டை பார்க்கவா தம்பி வந்தீக? மழைக்காலத்துல வந்திருந்தா நானே எண்ணிக் காட்டியிருப்பேனே" என்றார். விளக்கிய பிறகு மாடிக்கு வழி காட்டினார். கூரை ஓரத்தில் பத்து வரிசை சரியாக 1.4 மீட்டர் இருந்தது.

மார்ச் 16

விடியற்காலையில், வெயில் படுவதற்கு முன் போய்க் கூரையைப் படம் பிடித்தேன். வெயிலில் எடுத்தால் ஓட்டுக்கு ஓடு நிழல் விழுந்து படத்தோடு உறைந்துவிடும். பிறகு சிமுலேட்டரின் மாலைச் சூரியன் மேற்கே நின்றாலும் கூரையில் காலை நிழலே கிடக்கும்.

டெக்ஸ்சர் 1024 பிக்ஸல் சதுரம். நான்கு மீட்டரை அதில் அடக்கலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் நான்கு மீட்டரில் இருபத்தெட்டரை வரிசை வருவதால், பக்கத்தில் மறுபடி ஒட்டும்போது அரை ஓடு அரை ஓட்டோடு முட்டுகிறது. 28 வரிசை, அதாவது 3.92 மீட்டர் என்று வெட்டியதும் ஒட்டு மறைந்தது. பாசி படிந்த ஓர் ஓடு மட்டும் 3.92 மீட்டருக்கு ஒருமுறை தவறாமல் எட்டிப் பார்த்தது. அதை அழித்துவிட்டு, பாசியைத் தனி அடுக்காக ஒழுங்கின்றித் தெளித்தேன்.

மார்ச் 23

ஆத்தங்குடித் தளக்கல் போடவில்லையா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஆயிரம் அடி உயரத்தில் பறக்கிறவனுக்கு வீட்டுக்குள் இருக்கும் தரை எதற்கு? அந்த நேரத்தில் பன்னிரண்டு வகை வீட்டு மாதிரி செய்து முடித்தேன். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் முற்றக் குழியோடு கூடிய எளிய பெட்டி, அருகே வந்தால் தூணும் சாய்ப்பும் கொண்ட முழு மாதிரி என்று இரு நிலைகள் வைத்ததால் கணினி திணறவில்லை.

மார்ச் 30

மாலை ஐந்தரைக்குத் திருமயம் கோட்டையை இடப்பக்கம் விட்டுத் தெற்கே வந்தேன். முற்றங்கள் ஒவ்வொன்றிலும் நிழல். ஊருணியில் படித்துறை வரை நீர். ஓடுபாதையில் இறங்கும்போது சக்கரம் குலுங்கவில்லை. குன்றக்குடி மலை மட்டும் உயரத் தரவில் மழுங்கி, கவிழ்த்த பானைபோல இருக்கிறது. அடுத்த வாரம் அதன் பாறைகளைக் கையாலேயே செதுக்க வேண்டும்.