முன்மொழிவில் எழுதியிருப்பதும் அது செய்யப்போவதும்

டாவோ என்ற இணையக் குழுவில் ஓட்டுக்கு ஒரு முன்மொழிவு வந்தால் பலரும் விளக்கவுரையைத்தான் முதலில் படிக்கிறார்கள். முன்மொழிவு தயாரிக்கும், சரிபார்க்கும் வேலைக்கு வருகிறவர்கள் கடைசியிலிருந்து படிக்கப் பழக வேண்டும். எந்த கான்ட்ராக்டை, அதாவது பிளாக்செயினில் தானாக இயங்கும் நிரலைக் கூப்பிடுகிறது, எவ்வளவு ஈதர் (ஈத்தீரியம் பிளாக்செயினின் நாணயம்) அனுப்புகிறது, எந்தக் கட்டளையை என்ன எண்களோடு கொடுக்கிறது என்ற மூன்றும்தான் உண்மையான முன்மொழிவு. மேலே இருக்கும் நாலு பக்க நியாயம் மனுவோடு இணைத்த கடிதம் மாதிரி. ஓட்டு ஜெயித்துவிட்டால் பிளாக்செயின் அந்தக் கடிதத்தைப் படிப்பதில்லை. கட்டளையை மட்டும் நிறைவேற்றும்.

தலைவர், அலுவலகம் என்று எதுவும் இல்லாமல், டோக்கன் (பிளாக்செயினில் பதிவான பங்கு மாதிரி) வைத்திருப்பவர்கள் ஓட்டுப் போட்டுப் பொதுப்பணத்தையும் விதிகளையும் நடத்துகிற குழுக்களை டாவோ என்கிறோம். ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ வீட்டில் உட்கார்ந்தபடியே இந்தக் குழுக்களுக்கு முன்மொழிவு தயாரித்துக் கொடுக்கலாம், சரிபார்த்தும் கொடுக்கலாம். அப்படி வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவைதான் இவை.

நம் ஊர்க்காரர்களுக்குக் கிராம சபையை வைத்துச் சொன்னால் சீக்கிரம் புரியும். அங்கே ஆளுக்கு ஒரு கை. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் குறைவெண், அதாவது தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, நிறைந்து தீர்மானம் செல்லும். டாவோவில் டோக்கனுக்கு ஒரு ஓட்டு. டோக்கன்களை மாற்றிக்கொள்ளும் சந்தையான யூனிஸ்வாப்பில் மொத்தம் 100 கோடி டோக்கன் வெளியிடப்பட்டது, குறைவெண் 4 கோடி. அந்த 4 கோடியை ஆயிரம் பேர் சேர்ந்து கொண்டுவந்தாலும் சரி, நாலைந்து பேர் கொண்டுவந்தாலும் சரி, கணக்கில் ஒன்றுதான். ஒரு டாவோவின் உண்மை நிலை தெரிய வேண்டுமென்றால் அதிக டோக்கன் உள்ள முதல் பத்து வாலட்டுகளிடம் (டோக்கன் வைக்கும் கணக்குகள்) எத்தனை ஓட்டு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். குறைவெண்ணை எப்படி எண்ணுகிறார்கள் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். கடன் தரும் தளமான காம்பவுண்ட் உருவாக்கிய கவர்னர் பிராவோ என்ற ஓட்டு அமைப்பில் ஆதரவு ஓட்டு மட்டும்தான் சேரும். ஓப்பன்செப்பலின் என்ற நிறுவனம் தரும் வழக்கமான அமைப்பில் நடுநிலை ஓட்டும் சேரும்.

புதியவர்கள் அதிகம் தவறுகிற இடம் ஒப்படைப்பு. டோக்கன் வாலட்டில் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். காம்பவுண்ட், யூனிஸ்வாப், ஈஎன்எஸ் (ஈத்தீரியம் பெயர்ச் சேவை) போன்றவற்றில் அந்த டோக்கனின் ஓட்டுரிமையை யாருக்காவது ஒப்படைத்திருக்க வேண்டும். நாமே ஓட்டுப் போடுவதானாலும் நமக்கு நாமே ஒப்படைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் யாரிடம் எத்தனை ஓட்டு என்று கணக்கெடுக்கும் பிளாக்குக்கு (பிளாக்செயினில் வரிசையாகச் சேரும் பதிவுத் தொகுப்பு) முன்னால். அந்த பிளாக் தாண்டிய பிறகு ஒப்படைத்தால் அடுத்த முன்மொழிவுக்குத்தான் உதவும்.

எண்களில் நடக்கும் தவறு இன்னும் மோசம். பெரும்பாலான டோக்கன்களுக்கு 18 தசம இடம், டாலருக்கு இணையான டோக்கனான யுஎஸ்டிசிக்கு 6. கான்ட்ராக்டுக்குப் புள்ளி வைத்த எண் தெரியாது, முழு எண்ணாகத்தான் கொடுக்க வேண்டும். ஆகவே 50,000 யுஎஸ்டிசி அனுப்ப 50,000-க்குப் பின் ஆறு சுழியம் வரும். பழக்கதோஷத்தில் பதினெட்டு சுழியம் போட்டால் கருவூலத்தில் அவ்வளவு பணம் இருக்காது, நிறைவேற்றம் தோற்கும். ஒரு முன்மொழிவில் ஐந்து கட்டளை இருந்து ஒன்று தோற்றாலும் ஐந்தும் ரத்தாகிவிடும். பதினெட்டு சுழியம் வேண்டிய இடத்தில் ஆறு போட்டால் அதைவிடச் சங்கடம். எந்த எச்சரிக்கையும் வராமல் வெற்றிகரமாக நிறைவேறி, கண்ணுக்கே தெரியாத ஒரு துளி மட்டும் போய்ச் சேரும். வாரக்கணக்கில் நடந்த ஓட்டெடுப்பை மறுபடி தொடங்க வேண்டும்.

விளக்கவுரையை பிளாக்செயின் படிப்பதில்லை என்றாலும் அதன் எழுத்துகளுக்கு ஒரு வேலை உண்டு. ஓப்பன்செப்பலின் அமைப்பில் முன்மொழிவின் அடையாள எண்ணே இலக்குகள், தொகைகள், கட்டளைகள், விளக்கவுரையின் ஹாஷ் (ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் சுருக்கக் குறி) ஆகியவற்றைச் சேர்த்துத்தான் உருவாகிறது. ஓட்டு முடிந்து, நிறைவேற்றத்துக்கான வரிசையில் சேர்க்கும்போது யாராவது விளக்கவுரையை வேறு இடத்திலிருந்து நகலெடுத்து, கடைசியில் ஒரு வெற்று வரி கூடிவிட்டால், அப்படி ஒரு முன்மொழிவே இல்லை என்று பதில் வரும். முதலில் கொடுத்த உரையைத் தனிக் கோப்பாக அப்படியே எடுத்து வையுங்கள்.

இவற்றைப் பிடிக்க நம்பகமான வழி ஒத்திகை. மெயின்நெட்டின், அதாவது உண்மையான பிளாக்செயினின், அப்போதைய நிலையைக் கணினியில் நகலெடுத்து, அதில் முன்மொழிவைப் பதிந்து, பெரிய டெலிகேட்டுகளின் (மற்றவர்கள் ஓட்டுரிமையை ஒப்படைத்தவர்கள்) முகவரியிலிருந்து ஓட்டுப் போட்டதுபோல் செய்து, நேரத்தை முன்னே தள்ளி, நிறைவேற்றிப் பார்க்க வேண்டும். ஃபவுண்ட்ரி என்ற நிரல் சோதனைக் கருவியில் இதற்கு வசதி இருக்கிறது. நிறைவேறியது என்று வந்ததும் எழுந்துவிடாமல், கருவூல இருப்பு, அதிகாரப் பொறுப்பு, மாறியிருக்க வேண்டிய எண், மாறக்கூடாத எண் எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டும்.

ஒத்திகையிலும் சிக்காத ஒன்று உண்டு. 2023 மே மாதம், பரிவர்த்தனைத் தடத்தை மறைக்கும் சேவையான டொர்னேடோ கேஷில் ஒரு முன்மொழிவு முன்பு நிறைவேறிய ஒன்றைப் போலத்தான் இருக்கிறது என்று சொல்லி வந்தது. ஓட்டில் ஜெயித்தும் விட்டது. பிறகு அதை எழுதியவர் அந்த கான்ட்ராக்டை அழித்து, அதே முகவரியில் வேறு நிரலை வைத்தார். அது அவருக்கு 12 லட்சம் ஓட்டுகளை உண்டாக்கிக் கொடுத்தது. உண்மையான ஓட்டுகள் ஏறக்குறைய 7 லட்சம்தான், ஆட்சியே கைமாறியது. 2024 மார்ச்சில் வந்த டென்கன் மேம்படுத்தலுக்குப் பின் ஈத்தீரியத்தில் இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. ஆனால் இலக்கு முகவரி ஒரு பிராக்ஸியாக, அதாவது வேலையை வேறொரு நிரலுக்குக் கைமாற்றும் கான்ட்ராக்டாக இருந்தால், உள்ளிருக்கும் நிரலை மாற்றும் சாவி யாரிடம் என்று இன்றைக்கும் கேட்டே ஆக வேண்டும்.

அடுத்து நேரம். முன்மொழிவைப் பதிவதற்கும் நிறைவேற்றுவதற்கும் இடையே பல நாள் காத்திருப்பு உண்டு. புதியவர்களுக்கு இதில்தான் பொறுமை போகிறது, ஏன் இத்தனை நாள் என்று கேட்கிறார்கள். கே.ஆர்.பி. அணை வாய்க்காலில் ஷட்டரைத் திறந்துவிட்டால் போன தண்ணீரைத் திரும்பக் கூப்பிட முடியாது. ஆயக்கட்டுக்காரர்கள் பேச வேண்டியதையெல்லாம் திறப்பதற்கு முன்னால்தான் பேச வேண்டும். பீன்ஸ்டாக் என்ற கிரிப்டோ திட்டத்தில் அந்த இடைவெளி போதாமல் போனது. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு இருந்தால், பதிவு செய்து ஒரு நாள் கழிந்ததும் அவசரமாக நிறைவேற்றலாம் என்று அங்கே விதி. ஓட்டு வலிமையைப் பழைய பிளாக்கில் பார்க்காமல், போடுகிற அந்த நொடியின் இருப்பில் பார்த்தார்கள். 2022 ஏப்ரல் 17 அன்று ஒருவர் சுமார் 100 கோடி டாலரை பிளாஷ் லோனாக, அதாவது அதே பரிவர்த்தனைக்குள் திருப்ப வேண்டிய கடனாக எடுத்து, அதே பரிவர்த்தனைக்குள் ஓட்டுப் போட்டு, நிறைவேற்றி, கடனையும் அடைத்துவிட்டார். இழப்பு சுமார் 18 கோடி டாலர். கணக்கெடுப்பை முந்தைய பிளாக்கில் வைத்திருந்தால் அந்தக் கடனுக்கு ஓட்டே இருந்திருக்காது.

காலத்தை பிளாக் எண்ணிக்கையில் எழுதுகிறவர்கள் அதை நாளாக மாற்றிச் சரிபார்க்க வேண்டும். யூனிஸ்வாப்பின் ஓட்டுக் காலம் 40,320 பிளாக், பிளாக்குக்கு 15 நொடி என்றால் சரியாக 7 நாள். 2022 செப்டம்பருக்குப் பின் ஈத்தீரியத்தில் பிளாக்குக்கு 12 நொடி. அதே எண் இப்போது 5 நாள் 14 மணி நேரத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். 7 நாள் என்று நினைத்து ஏழாம் நாள் வருகிற டெலிகேட் முடிவைத்தான் பார்ப்பார்.

காத்திருப்பு உதைக்கிற நேரமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2021 செப்டம்பர் இறுதியில் காம்பவுண்டின் 62ஆம் முன்மொழிவு நிறைவேறியதும் வெகுமதி டோக்கன் தவறாக வெளியேறத் தொடங்கியது. தொடக்கக் கணக்கில் 2,80,000 காம்ப் (காம்பவுண்டின் டோக்கன்) வரை ஆபத்தில் இருந்தது. பகிர்வை நிறுத்தும் அதிகாரம் தனியாக யாருக்கும் இல்லை. திருத்தமும் அதே பாதையில்தான் வர வேண்டியிருந்தது: ஓட்டுக்கு முன் 2 நாள், ஓட்டு 3 நாள், டைம்லாக் (ஓட்டு ஜெயித்த பின் கட்டாயக் காத்திருப்பு) 2 நாள். பணம் போவது தெரிந்தும் ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் எங்கள் கருத்து இதுதான்: எதையும் புதிதாகச் செய்யும் அதிகாரத்துக்குக் காத்திருப்பு கட்டாயம் வேண்டும், ஆனால் நிறுத்த மட்டும் முடிகிற அதிகாரத்தைக் காத்திருக்க வைக்கக் கூடாது. நிறுத்தும் சாவியை ஒருவரிடம் கொடுக்காமல், ஐவரில் மூவர் கையெழுத்து என்பதுபோல் வையுங்கள். அந்தச் சாவியால் பணத்தைத் தொட முடியாதபடியும் வையுங்கள்.

முன்மொழிவு முடிகிற நேரத்தை நாட்காட்டியில் குறிக்கும்போது யூடிசி என்ற உலகப் பொது நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டி, அது என்ன கிழமை என்றும் பாருங்கள். 2024இல் காம்பவுண்டின் 289ஆம் முன்மொழிவு, 4,99,000 காம்பை, அதாவது சுமார் 2.4 கோடி டாலரை, ஒரு குழுவின் பெட்டகத்துக்கு அனுப்பக் கேட்டது. ஓட்டு முடிந்தது ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை. ஆதரவு 6,82,191, எதிர்ப்பு 6,33,636. ஓட்டெடுப்பு முடிந்துவிட்டாலும் டைம்லாக் இன்னும் திறக்கவில்லை. பணம் நகராமல் இருந்த அந்த இடைவெளியில்தான் இரு தரப்பும் பேசின, முன்மொழிவும் ரத்தானது.