இரணைமடுவுக்கு டிக்கெட் இல்லை

தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னர் மலையகத்து ஹட்டனிலிருந்து சித்தப்பாவின் மகன் தொலைபேசியில் அழைத்தான். மனைவி, பிள்ளைகள் இரண்டு பேரோடு கிளிநொச்சிக்கு வர ஆசைப்படுவதாகச் சொன்னான். அடுத்த பேச்சே, "அண்ணே, அங்கே இடம் பார்க்கப் போனால் நுழைவுக் கட்டணம் எவ்வளவு வரும்?" என்பதுதான். தேயிலைக் கொழுந்து பறிக்கிற சம்பளத்தில் நாலு பேருக்குப் பஸ் காசு சேர்ப்பதே பெரும்பாடு. "பஸ்ஸுக்கு மட்டும் காசு கொண்டு வா, மற்றதை ஊர் பார்த்துக்கொள்ளும்" என்றேன்.

என் அப்பாவும் அந்த மலையிலிருந்து வந்தவர்தான். 1977 இனக் கலவரத்துக்குப் பிறகு அம்மாவோடும் ஒரு தகரப் பெட்டியோடும் வன்னிக்கு வந்து, பாரதிபுரத்தில் குடிசை போட்டு, அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கினார். நான் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கே. மலையில் தோட்டம் என்றால் தேயிலை. இங்கே தோட்டம் என்றால் மிளகாயும் கத்தரியும் நிற்கிற கிணற்றடி. இந்த ஒரு சொல்லை வைத்தே எங்கள் வீட்டில் அன்றிரவு ஒரு மணி நேரம் பேச்சு ஓடியது.

ஏ-9 வீதியால் யாழ்ப்பாணம் போகிறவர்கள் கிளிநொச்சியில் தேநீர் குடிக்க நிறுத்துவார்கள். போர்க்காலத்தில் சரிந்து விழுந்த தண்ணீர்த் தாங்கியின் முன்னால் நின்று படம் எடுப்பார்கள். பிறகு வாகனம் கிளம்பிவிடும். அதைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாங்களும் போய் நின்றோம். ஒரு வீட்டை விடப் பெரிய கொங்கிறீட், கம்பிகள் வெளியே தெரியக் கிடக்கிறது. சின்னவன், "இதில் தண்ணீர் இருந்ததா பெரியப்பா?" என்று கேட்டான். "இருந்தது" என்றேன். அதற்கு மேல் அங்கே எனக்குப் பேச வரவில்லை. ஆனால் எங்கள் ஊரை அந்த விழுந்த தாங்கியோடு மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ஒருவர் போய்விட்டால் எனக்கு மனம் ஆறாது. இந்த ஊரின் தண்ணீர் வேறு இடத்தில் இருக்கிறது.

இரணைமடுச் சந்தியில் இறங்கிக் கிழக்கே போனால் குளக்கட்டு. நாங்கள் இரண்டு சைக்கிளும் ஒரு மோட்டார் சைக்கிளுமாகக் காலை ஆறரைக்கே போய்விட்டோம். இரணை என்றால் எங்கள் பக்கத்தில் இரட்டை. இரண்டு மடுக்கள் சேர்ந்த இடம் என்பதால் இந்தப் பெயர். தெற்கே இருந்து வரும் கனகராயன் ஆற்றை மறித்துக் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டிய குளம் இது. 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல் இதை நம்பி இருக்கிறது. குளம் நிரம்பினால் நீர்மட்டம் 36 அடி. இந்த அடிக்கணக்குதான் எங்கள் ஊரின் நலம் விசாரிப்பு. மார்கழி, தை மாதங்களில் சந்தையிலும் கோயிலிலும், "இன்றைக்கு எத்தனை அடி?" என்று கேட்காத கமக்காரர் இல்லை. மாரி மழையோடு செய்கிற காலபோகம் முடிந்து குளத்தில் எவ்வளவு மிஞ்சுகிறதோ, அதைப் பார்த்துத்தான் கோடையில் குளத்து நீரில் செய்கிற சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டம் கூடி முடிவெடுப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஓரடித் தண்ணீருக்காகக் கத்தியவர்களில் நானும் ஒருவன்.

குளக்கட்டின் மேல் ஏறியதும் மூத்தவள் பேசாமல் நின்றாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை மறிக்கிற ஊரில் வளர்ந்த பிள்ளை. இவ்வளவு வானத்தை அவள் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. வான்கதவுகளில் இரண்டைக் கொஞ்சம் உயர்த்தியிருந்தார்கள். கீழே வெண்ணுரையாகத் தண்ணீர் பாய, அந்த நுரையின் ஓரத்தில் கொக்குகள் ஒற்றைக் காலில் காத்து நின்றன. தண்ணீர் தள்ளிக்கொண்டு வந்த மீன் ஒன்றை ஒரு கொக்கு கவ்வியதும் அடுத்த கொக்கு முன்னால் வந்து நிற்கும். கடையில் வரிசையில் நிற்பதைப் போல. பிள்ளைகள் அதையே அரை மணி நேரம் பார்த்தார்கள். பிறகு பக்கத்தில் கனகாம்பிகை அம்மனைக் கும்பிட்டு, மருதமர நிழலில் அமர்ந்து, கொண்டுபோன புட்டையும் சம்பலையும் சாப்பிட்டோம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குளத்தில் இறங்காதீர்கள். ஆழமும் தெரியாது, முதலையும் உண்டு. கதவு திறந்திருக்கும் நாட்களில் கீழ்ப்பக்கத்துக்கும் போகாதீர்கள். பற்றைக் காட்டுக்குள் பாதையை விட்டு விலகாதீர்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் அப்படியே திரும்பிவிடுங்கள்.

குளிக்க ஆசையா? உருத்திரபுரத்துக்கு வாருங்கள். இந்தக் குளத்துத் தண்ணீர்தான் அங்கே வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து ஓடுகிறது. அங்கே விலாசம் சொல்வதே வாய்க்கால் இலக்கத்தில்தான். பத்தாம் வாய்க்கால் என்றால் அது ஓர் ஊர். பழைய சிவன் கோயிலும் அந்தப் பக்கம் இருக்கிறது. இடுப்பளவுத் தண்ணீரில், ஊர்ப் பெண்கள் துணி துவைக்கிற கட்டுக்குப் பக்கத்தில் பிள்ளைகளை இறக்கினோம். வெளியே எடுக்க நாங்கள் பட்ட பாடு பெரிது.

தலை துவட்டிக்கொண்டு வரம்பில் நடந்தபோது மூத்தவள் ஒரு நெற்கதிரைப் பிடித்து, "இதற்குள் அரிசி இருக்கிறதா?" என்று கேட்டாள். "நசுக்கிப் பார்" என்றேன். பச்சை மணியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து, கொழுந்து கிள்ளுகிற மாதிரியே கிள்ளினாள். வெள்ளையாக ஒரு துளி பால் விரல் நுனியில் நின்றது. நக்கிப் பார்த்தாள். "இனிக்கிறது" என்றாள். அவளுடைய அம்மா உடனே குனிந்து தானும் ஒன்றைக் கிள்ளினாள். தை நடுப்பகுதியில் வந்தால்தான் இந்தப் பால் பருவம் கிடைக்கும். மாசியில் அறுவடை மெசின் இறங்கிவிடும்.

மறுநாள் ஆனையிறவுக்குப் போனோம். அதற்குப் பஸ் காசு வேண்டும், வேறொன்றும் வேண்டாம். வீதியோரத்தில் நின்றால் ஒரு பக்கம் கடல்நீரேரி, தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடு போலப் பூநாரைகள். காற்று பலமாக இருந்ததால் அதிக நேரம் நிற்கவில்லை.

தம்பி திரும்பும்போது பையில் பத்துக் கிலோ அரிசி ஏற்றிவிட்டேன். காசு மிச்சம் இருப்பதாகச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் பஸ் நிலையத்தில் கச்சான் வாங்கிக் கொடுத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் அழைத்தபோது சின்னவன் தொலைபேசியைப் பறித்தான். "பெரியப்பா, குளம் இன்றைக்கு எத்தனை அடி?"

முப்பத்துமூன்று என்றேன்.